அரைஞாண் கயிறு சொல்லும் கணக்கு

மருமகனே,

உன் அம்மா நேற்று ராத்திரி போன் செய்தாள். "தம்பி, அவன் ஜிம்முக்குப் போக ஆரம்பிச்சு மூணு வாரமாச்சு. ராத்திரி சோத்தையே தொடமாட்டேங்கான். ஆறு முட்டையை அவிச்சு மஞ்சளை எல்லாம் குப்பையில போடுதான். நீ சொன்னாத்தான் கேப்பான்" என்றாள். அவள் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது.

உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. நீ தொடங்கியது எனக்குச் சந்தோஷம். பாளையங்கோட்டையில் ஓட்டுக்கூரை போட்ட ஒரு தேகப்பயிற்சி சாலையில் நானும் 18 வயதில் தொடங்கியவன்தான். இப்போது எனக்கு 64. இடையில் பருத்தேன், பட்டினி கிடந்து இளைத்தேன், முன்னைவிட அதிகமாகப் பருத்தேன், சர்க்கரை வந்தது. அதற்குப் பிறகுதான் படிக்கவும் ஒழுங்காகச் செய்யவும் ஆரம்பித்தேன். அந்தத் தவறுகளில் உனக்கு உதவக்கூடியவற்றை எண் போட்டு எழுதுகிறேன். வரிசையில் பெரிதாக ஒன்றும் இல்லை, நினைவுக்கு வந்தபடி வருகிறது.

1. "எடையைக் குறைக்கணும்" என்று எல்லாரிடமும் சொல்கிறாயாம். எந்த எடையை? கொழுப்பும் எடைதான், தசையும் எடைதான், எலும்பும் தண்ணீரும் எடைதான். மிஷினுக்கு இவற்றைப் பிரித்துச் சொல்லத் தெரியாது. 2004-இல் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் யூட்கினும் தங்கள் இருவரின் படத்தையே 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் பி.எம்.ஐ. எண் இருவருக்கும் ஒன்றே, 22.3. உடம்பில் இருந்த கொழுப்போ யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். கை கால் மெலிந்திருக்க, கொழுப்பு வயிற்றுக்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும் நம் ஊர் உடம்பை அந்தப் படத்தில் பார்க்கலாம்.

அந்தத் தேகப்பயிற்சி சாலையில் எங்கள் வாத்தியாரிடம் எடை மிஷின் கிடையாது. மாதம் ஒருமுறை, விடிகாலையில், வெறும் வயிற்றோடு எங்களை வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொருவன் அரைஞாண் கயிற்றுக்குள்ளும் விரலை விட்டுப் பார்ப்பார். இரண்டு விரல் தாராளமாகப் போனால் முதுகில் தட்டுவார். ஒரு விரலே இறுக்கமாகப் போனால் ஒன்றும் பேசாமல் அடுத்தவனிடம் போய்விடுவார். அந்த மௌனம் எங்களுக்குப் போதும். இன்றைக்கு மருத்துவர்கள் நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்களுக்கு 80-க்குள்ளும் இருக்க வேண்டும் என்கிறார்கள். அவர் விரலால் அளந்ததும் இதைத்தான். மிஷினில் வாரம் ஒருநாள் ஏறிப் பார், போதும். தினமும் ஏறுகிறவனுக்கு நேற்றுக் குடித்த தண்ணீரும் கவலையாகிவிடும்.

2. அவசரப்படாதே. இதைச் சொல்லும் தகுதி எனக்கு நிறையவே உண்டு.

1995-இல் எனக்கு 34 வயது. நாற்காலி வேலை, சாயங்காலம் மிக்சர், எந்த விசேஷ வீட்டிலும் இரண்டாம் தடவை பாயசம் என்று 81 கிலோ ஆகியிருந்தேன். உன் அத்தையின் தம்பிக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். அதற்குள் இளைத்துக் காட்ட வேண்டும் என்று காலையில் ஒரு டம்ளர் மோர், மதியம் வெள்ளரிக்காயும் ஒரு சப்பாத்தியும், ராத்திரி பப்பாளித் துண்டு என்று கிடந்தேன். 45 நாளில் 11 கிலோ இறங்கியது. கல்யாண வீட்டில் எல்லாரும் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள்.

எனக்கு மட்டும் வேறொன்று தெரிந்திருந்தது. அதற்கு முந்தின வாரம் கேஸ் சிலிண்டர் வந்தது. நிறைந்த சிலிண்டர் முப்பது கிலோ இருக்கும். இருபது வயதில் அப்படி ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு மாடி ஏறியவன் நான். அன்றைக்கு வாசலிலிருந்து அடுப்படிக்குப் போவதற்குள் முழங்கால் நடுங்கி, நடுக்கூடத்தில் இறக்கி வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் அத்தை பார்க்கவில்லை. அதற்கு அப்போது நிம்மதிப்பட்டேன்.

போன 11 கிலோவில் கொழுப்பும் இருந்தது, என் தசையும் இருந்தது. உடம்பைக் குறை சொல்ல முடியாது. சாப்பாடு வரவில்லை, தசைக்கு வேலையும் இல்லை என்றால், சும்மா கிடக்கும் தசையை அது எதற்குத் தீனி போட்டு வளர்க்கும்? அடுத்த எட்டு மாதத்தில் 84 கிலோ ஆனேன். திரும்பி வந்ததெல்லாம் வயிற்றில் உட்கார்ந்தது. முன்னைவிட எடை கூடுதல், முன்னைவிட பலம் குறைவு. பட்டினியால் வாங்கிய உடம்பு வட்டிக்கு வாங்கிய நகை மாதிரி, போட்டுக்கொண்டு நின்ற நாள் கொஞ்சம், வட்டி கட்டிய நாள் அதிகம்.

3. அப்படியானால் எவ்வளவு வேகம் சரி? வாரத்துக்கு அரைக் கிலோ. ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. ஒரு நாளைக்கு 500 கலோரி சொச்சம் குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ கரையும். நம் வீட்டுக் கணக்கில் 500 கலோரி என்பது பெரிய தியாகம் இல்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. அதில் இரண்டைக் குறை. நாலு வேளைக் காபி, டீயில் இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரை போடுகிறாய் என்றால் அதை விடு, 160 போயிற்று. வடித்த சோற்றில் 100 கிராமைக் குறை, அது 130. ஆயிற்று. யாரும் பட்டினி கிடக்கவில்லை, உன் அம்மாவும் பயப்பட வேண்டாம்.

முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தால் மகிழ்ந்துவிடாதே. சோறு குறையும்போது தசையிலும் ஈரலிலும் சேமித்திருந்த மாவுச்சத்து போகும், அதோடு பிடித்துவைத்த தண்ணீரும் போகும். நாலாம் வாரம் முள் நகராமல் நிற்கலாம், அப்போது மனம் உடைந்தும் போகாதே.

4. சோற்றை எதிரியாக்காதே. நம் வீட்டுத் தட்டில் குற்றம் சோற்றில் இல்லை, சோற்றைத் தவிர வேறொன்றும் இல்லாததில் இருக்கிறது. ஒரு மலை சோறு, அதன்மேல் தெளிவாக ஓடும் சாம்பார், ஓரத்தில் ஒரு ஸ்பூன் பொரியல், இரண்டு அப்பளம். நாலு பேருக்கு 100 கிராம் பருப்பு போட்டு வைத்த சாம்பாரில் ஆளுக்கு ஐந்தாறு கிராம் புரதம்தான் வரும். தட்டைத் திருப்பி வை. பாதித் தட்டுக்குக் காய், கால் தட்டுக்கு முட்டையோ மீனோ சுண்டலோ, மிச்சக் கால் தட்டுக்குச் சோறு. பாரம் தூக்கிவிட்டு வருகிற நாளில் இன்னொரு கரண்டி போட்டுக்கொள். உழைத்த தசைக்கு அந்த மாவுச்சத்து வேண்டும்.

5. புரதம் சாப்பிடு. அதை உன் அடுப்படியிலேயே தேடு. கொழுப்பைக் குறைத்துக்கொண்டே தசையைக் காக்க நினைப்பவன், ஒரு கிலோ எடைக்கு 1.6 கிராம் வரை சாப்பிடலாம். 65 கிலோ உடம்புக்கு நூறு கிராம் சொச்சம். எண்ணைக் கேட்டு மிரளாதே. மூன்று முட்டை 18 கிராம். 150 கிராம் சாளை மீன் அல்லது கோழி, சுமார் 30. அரை லிட்டர் பாலும் தயிருமாக 16. 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறப்போட்டு அவித்தால் 10. 50 கிராம் மீல்மேக்கர் 26. கூட்டிப் பார், நூறு. மிச்சம் பருப்பிலும் சோற்றிலும் தானே வந்துவிடும். கறி, மீன் இல்லாத நாளில் மீல்மேக்கரையும் பயறையும் தயிரையும் கூட்டிக்கொள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இந்தக் கணக்கில் இறங்கக் கூடாது. உன் ஜிம் நண்பர்களிடமும் சொல்.

முட்டை மஞ்சளைக் கொட்டாதே. முட்டையின் புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அந்த மஞ்சளில்தான் இருக்கிறது, நல்ல சத்துகளில் பலவும் அங்கேதான். எங்கள் சிறுவயதில் ஒரு முட்டையை நூலால் அறுத்து உன் அம்மாவுக்குப் பாதி, எனக்குப் பாதி கொடுப்பாள் எங்கள் அம்மா. எனக்கு வந்த பாதியில் மஞ்சள் குறைந்திருந்தால் உன் அம்மா தன் பாதியிலிருந்து விரல் நுனியால் எடுத்து என் தட்டில் வைப்பாள். அவள் குப்பைத்தொட்டியைப் பார்த்து ஏன் அவ்வளவு கலங்கினாள் என்று இப்போது உனக்குப் புரியும்.

6. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று சொல்லிவைத்தார்கள். சத்துணவு அட்டவணையை எடுத்துப் பார்த்தபோது அசந்துபோனேன். எள்ளில் ஏறக்குறையப் பாதி எண்ணெய், 100 கிராமில் 560 கலோரிக்கு மேல். கொள்ளில் புரதம் 22 கிராம், கொழுப்பு ஒரு கிராம்கூட வராது. சொன்னவர்களிடம் அட்டவணை இல்லை, கண் இருந்தது. அதற்காகக் கொள்ளுத் தண்ணீரைக் குடித்தால் கொழுப்பு உருகும் என்று விற்பவர்களை நம்பாதே. கொள்ளு பசியைத் தாங்கும், தசைக்குத் தீனி கொடுக்கும். உருக்குவது உன் உழைப்பும் உன் தட்டின் அளவும்தான்.

நிலக்கடலை நல்லது என்று பை நிறைய வைத்துக் கொறிக்காதே. 100 கிராமில் 25 கிராம் புரதம் இருக்கிறது, 560 கலோரியும் இருக்கிறது. ஒரு கைப்பிடி போதும்.

7. பாரம் தூக்கு. ஆனால் பாரத்துக்கு மரியாதை கொடு.

1979-இல் நான் சேர்ந்தபோது வாத்தியார் மூன்று மாதம் இரும்பைத் தொட விடவில்லை. தண்டால், பஸ்கி, மரக்கிளையில் தொங்கி ஏறுவது, கடைசியில் சின்னக் கர்லாக்கட்டை. அவ்வளவுதான். எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் அவர் வருவதற்கு முன்னால் போய், சிமெண்ட் வார்த்த டால்டா டின்கள் இரண்டைக் கம்பியில் மாட்டியிருந்ததைத் தலைக்குமேல் தூக்கினேன். வலது தோளில் 'சடக்' என்று ஒரு சத்தம். வாத்தியார் வந்து பார்த்தார். வேப்பெண்ணெயைச் சூடாக்கி அவரே தடவிவிட்டார். "கம்பி எங்கயும் போகாதுடே. நாளைக்கும் இங்கதான் கிடக்கும்" என்றார். அந்தத் தோள் இன்றைக்கும் மழைக்காலத்தில் எனக்கு அவரை நினைவுபடுத்துகிறது.

வாரத்துக்கு மூன்று நாள் போதும். உட்கார்ந்து எழுவது, தரையிலிருந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது என்று இந்த நாலு வேலையையும் செய்துவிட்டால் முழு உடம்புக்கும் வேலை கொடுத்தாகிவிட்டது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, என்ன பாரம், எத்தனை தடவை என்று எழுதி வை. போன வாரம் எட்டுத் தடவை தூக்கியதை இந்த வாரம் ஒன்பது தடவை தூக்கினால் அதுதான் வளர்ச்சி. பன்னிரண்டு வந்ததும் பாரத்தைக் கொஞ்சம் கூட்டு. எடை மிஷின் சோர்வூட்டும் நாளில் இந்த நோட்டைப் புரட்டிப் பார். கொழுப்பு குறைகிறது, நோட்டில் எண் குறையவில்லை என்றால் உன் தசை பத்திரமாக இருக்கிறது. நோட்டில் எண்கள் சரியத் தொடங்கினால் நீ சாப்பாட்டை அளவுக்கு மீறி வெட்டுகிறாய். சிலிண்டர் எனக்குச் சொன்னதை உன் நோட்டு உனக்கு முன்கூட்டியே சொல்லிவிடும்.

8. புதிதாக வருகிறவனுக்கு உடம்பு ஒரு சலுகை தரும். முதல் வருஷத்தில் கொழுப்பு குறைவதும் தசை கூடுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 40 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2016-இல் வெளியானது. நான்கு வாரம் உணவை 40 சதவீதம் குறைத்துக் கடுமையான பயிற்சியும் கொடுத்தார்கள். புரதம் இரண்டு மடங்கு சாப்பிட்ட குழுவுக்குக் கொழுப்பு 4.8 கிலோ போனது, கொழுப்பில்லாத எடை 1.2 கிலோ கூடியது. மற்றக் குழுவுக்குக் கொழுப்பு 3.5 கிலோ போனது, அந்த எடை கூடவே இல்லை என்று சொல்லலாம். அவர்களைப்போல் உன்னைப் பிழிந்துகொள்ளச் சொல்லவில்லை. உழைப்பும் புரதமும் கூட இருந்தால் உடம்பு எதை விட்டுக் கொடுக்கும், எதைப் பிடித்துக்கொள்ளும் என்று தெரிந்துகொள்ளவே இதைச் சொன்னேன்.

இந்தச் சலுகை எப்போதும் இருக்காது. ஒன்றிரண்டு வருஷம் போனபின் தசை கூட்டும் காலம், கொழுப்பு குறைக்கும் காலம் என்று பிரித்துக்கொள்ள வேண்டிவரும். அதை அப்போது பார்ப்போம். இப்போதே அதற்கான திட்டத்தைப் போட்டு வைத்துக்கொண்டு குழம்பாதே.

9. தூங்கு. சிகாகோவில் 2010-இல் பத்துப் பேரை வைத்துப் பார்த்தார்கள். ஒரே அளவு குறைத்த சாப்பாடு. ஒரு முறை இரண்டு வாரம் எட்டரை மணி நேரம் படுக்க விட்டார்கள், இன்னொரு முறை இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரம்தான். எடை இரண்டு முறையும் மூன்று கிலோ அளவில் குறைந்தது. நன்றாகத் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு. தூக்கம் கெட்டபோது கொழுப்பு 0.6 கிலோதான், மிச்சமெல்லாம் கொழுப்பில்லாத எடையிலிருந்து போனது. ராத்திரி ஒரு மணி வரை போனில் உடற்பயிற்சி வீடியோ பார்க்கிறாய் என்று கேள்விப்பட்டேன். போனை உன் அம்மாவின் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படு.

10. பசியோடு இருக்கும்போது வாயைக் காத்துக்கொள். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1944-45-இல் ஆன்செல் கீஸ் என்ற அறிஞர் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்து ஆராய்ந்தார். நல்ல மனசுள்ள பிள்ளைகள், போரில் ஆயுதம் தூக்க மறுத்து இந்தச் சோதனைக்கு வந்தவர்கள். நாளாக ஆக எரிச்சலும் சோர்வும் பிடித்துக்கொண்டது, சாப்பாட்டைப் பற்றித் தவிர வேறு பேச்சே இல்லாமல் போனது, சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படித்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு அந்த 1995-ஆம் வருஷம்தான் நினைவுக்கு வந்தது. பென்சில் சீவித் தரச் சொல்லி வந்த என் மகளிடம், அப்போது அவளுக்கு ஆறு வயது, காரணமே இல்லாமல் கத்தினேன். அவள் பென்சிலை மேசையில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனாள். இளைத்த இடுப்பைப் பார்த்து அன்று என்ன பெருமைப்பட்டேனோ தெரியாது, அந்தப் பென்சில் கிடந்த இடம் இன்றும் கண்ணில் நிற்கிறது. உன் சாப்பாட்டு முறை உன்னை வீட்டாரிடம் கடுகடுப்பாக்குகிறது என்றால் அந்த முறை தவறு. மாற்று.

11. ஊசியின் பக்கம் போகாதே. இதில் நான் கெஞ்சிக் கேட்கிறேன் என்றே எடுத்துக்கொள். என்னோடு பயிற்சி செய்த ஒருவன், என்னைவிட அழகான உடம்பு, ஒரு போட்டிக்காக ஊசி போட்டுக்கொள்ள ஆரம்பித்தான். நாலு மாதத்தில் நாங்கள் எல்லாரும் வாயைப் பிளந்து பார்க்கும்படி ஆனான். பிறகு மார்பு பெண்களுக்கு வருவதைப்போல் வீங்கியது. கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லாமல் மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்தார்கள். வெளியிலிருந்து ஆண்மைச் சுரப்பை ஏற்றினால் உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திவிடும், விந்தணு குறையும், இதயத் தசை தடிக்கும். இதை அந்த ஊசியை விற்றவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கூட இருந்தும் தடுக்காமல் போனது என் பிழை, அதனால்தான் உன்னிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

டப்பாவில் வரும் புரதப் பொடி இந்த வகையில் சேர்ந்ததில்லை. அது பெரும்பாலும் பாலிலிருந்து எடுப்பது. ஆனாலும் 2024-இல் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட 17 உணவு வழிகாட்டுதல்களில், உடம்பு ஏற்றுவதற்காகப் புரதப் பொடியை நாடாதீர்கள் என்றே சொல்லியிருக்கிறார்கள். முதல் மாதச் சம்பளத்தில் டப்பா வாங்கப் போகிறாயாம். அந்தப் பணத்துக்கு எத்தனை மாதத்துக்கு முட்டையும் கடலையும் மீனும் வரும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போ.

12. இன்னொருவன் உடம்பைப் பார்த்து ஏங்காதே. மனோகர் ஆய்ச் என்று ஒரு வங்காளி. உயரம் நாலு அடி பதினொரு அங்குலம். வெள்ளைக்காரன் காலத்தில் விமானப் படையில் இருந்தபோது மேலதிகாரியை எதிர்த்ததற்குச் சிறைக்குப் போனார். ஜிம் இல்லை, கருவி இல்லை, சிறைக்குள்ளேயே உடம்பை வளர்த்தார். 1952-இல் தன் உயரப் பிரிவில் மிஸ்டர் யுனிவர்ஸ் ஆனார். நூறு வயதைத் தாண்டி 2016-இல்தான் மறைந்தார். உயரமானவன் கையோடு தன் கையை ஒப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவர் ஒரு தண்டால்கூட எடுத்திருக்க மாட்டார். உன் எலும்பு உன் அப்பா வழி, உன் தோள் எங்கள் வழி. அதில் எவ்வளவு வரும் என்று பார்ப்பதுதான் உன் வேலை.

13. நட. இதற்கு விளக்கம் வேண்டாம். சாப்பிட்டதும் பத்து நிமிஷம், சாயங்காலம் அரை மணி நேரம்.

14. தங்கையையும் கூட்டிப் போ. பாரம் தூக்கினால் பெண் பிள்ளைக்கு ஆண் உடம்பு வந்துவிடும் என்று உன் அப்பாவைப் பெற்ற ஆச்சி சொல்வாள். வராது. ஆண்மைச் சுரப்பு ஆணுக்குச் சுரப்பதில் ஒரு சின்னப் பங்குதான் பெண்ணுக்கு உண்டு. எலும்பு உறுதியாகும், நாளைக்குப் பிள்ளையைத் தூக்கி வளர்க்கும் இடுப்புக்குப் பலம் சேரும். உன் அம்மாவுக்கு 67 வயதில் தரையில் உட்கார்ந்தால் எழக் கை ஊன்ற வேண்டியிருக்கிறது. அவளுக்கு 20 வயதில் இதை யாரும் சொல்லித்தரவில்லை. எனக்குச் சொல்லித்தந்தார்கள், நான் வீட்டுக்கு வந்து அக்காவுக்குச் சொல்லவில்லை.

15. விட்டுப்போன நாளை எண்ணாதே. 2013-இல், எனக்கு 52 வயதில், வெறும் வயிற்றுச் சர்க்கரை 168 என்று வந்தது. மருத்துவமனை வராந்தாவில் அந்தச் சீட்டை மடித்து மடித்து, தீப்பெட்டி அளவுக்கு ஆகும் வரை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபது வருஷமாக ஒழுங்காகக் கம்பியைத் தொடவில்லை. இனி எங்கே என்றுதான் தோன்றியது. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை அதிகமாக வாங்கிக்கொள்ளும் இடம் தசைதான் என்று மருத்துவர் சொன்னார். தசையைப் பெருக்கினால் சர்க்கரைக்குப் போக ஒரு இடம் கிடைக்கும் என்றார். மறுநாள் காலை சுவரைப் பிடித்துக்கொண்டு பத்து பஸ்கி எடுத்தேன். பதினொன்று முடியவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ நாள் விட்டுப்போனது. காய்ச்சல், மகள் பிரசவம், ஊர்க்கொடை. ஒருநாள் விட்டதற்குத் தண்டனையாக மறுநாள் இரட்டிப்பாகச் செய்வது இளவயதில் என் பழக்கம், இப்போது அது இல்லை. விட்ட இடத்தில் கொஞ்சம் குறைத்துத் தொடங்குவேன். இரண்டு வருஷத்தில் என் எடை ஐந்து கிலோதான் குறைந்தது. இடுப்பு 102 சென்டிமீட்டரிலிருந்து 89-க்கு வந்தது. மாத்திரையை மருத்துவர் பாதியாகக் குறைத்தார். எடையை மட்டும் பார்த்திருந்தால் ஐந்து கிலோவுக்கா இவ்வளவு பாடு என்று ஆறு மாதத்திலேயே விட்டிருப்பேன்.

16. கடைசியாக உன் அம்மாவைப் பற்றி. அந்த 1995-இல் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் அம்மா உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழி பண்ணி நல்லெண்ணெய் விட்டு, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தாள். "நான் இப்போ இதெல்லாம் சாப்பிடுறதில்லம்மா" என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் அதே வாளியை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த வருஷக் கடைசியில் அவள் படுத்துவிட்டாள், அதற்குப் பிறகு களி கிண்டவில்லை. ஒரு கிண்ணம் களியில் எத்தனை கலோரி என்று இப்போது என்னால் சொல்ல முடியும். அதைச் சாப்பிட்டிருந்தால் அன்று ராத்திரிச் சோற்றில் இரண்டு கரண்டியைக் குறைத்திருக்கலாம். அவ்வளவுதான் கணக்கு.

அடுத்த மாதம் உன்னையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வருவதாகச் சொன்னாள் உன் அம்மா. சனிக்கிழமை ராத்திரியே வந்துவிடுங்கள். அவள் சாளைக் குழம்பு வைப்பாள், ஒரு கரண்டி சோறு போட்டுக்கொண்டு அவளோடு உட்கார்ந்து சாப்பிடு. ரத வீதியில் உனக்கு ஒரு கறுப்புக் கயிறு வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், வெறும் வயிற்றோடு, இரண்டு விரல் இடம் விட்டு நானே கட்டிவிடுகிறேன். அந்த நாற்பது பக்க நோட்டையும் எடுத்துவா.

உன் மாமா